ஊதியம் ஒன்று, ஊர் இரண்டு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இம்மேடையில் ஓர் இரயில்வே குமாஸ்தாவையும் பேசப் பணித்திருக்கிறீர்கள். எமது படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. காப்பியச் சுவையை எடுத்துரைக்க எம்மால் இயலாது. ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பதிவேடுகளோடு வாழ்ந்து வருகின்றோம். ஆதலின், எமக்குத் தெரிந்த ஒரே பொருளாகிய வரவு செலவைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றோம்.

சென்னையிலிருந்து மாற்றலாகி வரும் இளைஞர்கள் இச்சங்கத்தின் படியேறியதும் கேட்கும் முதற் கேள்வி, “ஐயா, தில்லியில் இந்த ஊதியம் கட்டுபடியாகுமா?” என்பது. பல்லாண்டு இங்கிருந்தோர் இரவில் மனைவியோடு பேசும் கேள்வி, “சென்னைக்கே திரும்பிவிடலாமா?” என்பது. இரண்டும் ஒரே கேள்விதான். இதற்கு நாம் எல்லோரும் சொல்லிவரும் விடை, “தில்லியில் எல்லாம் விலை அதிகம்” என்பது. இவ்விடை சரிதானா என்று நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். கண்டதைச் சொல்கின்றோம்.

கேள்வி பழையது. 1911ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் தில்லி தர்பாரில், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டது. புதிய நகரம் 1931இல் திறந்து வைக்கப்பட்டது. அரசு அலுவலகங்களோடு தமிழ்க் குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தாளர்களும் இங்கு வந்தனர். அவர்கள் தம் மக்களுக்காக 1923இல் தொடங்கிய கல்விப் பணி இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளாகத் தழைத்து நிற்கிறது. 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம் பிறந்தது. வந்த ஊரில் பள்ளி கட்டினவர்கள், இங்கே வாழ்ந்துவிட முடியும் என்று கணக்கிட்டவர்களாகத்தானே இருக்க வேண்டும்!

முதலில் ஊதியச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு ஊழியர் ஒருவர் சென்னையில் இருந்தாலும் தில்லியில் இருந்தாலும் அடிப்படை ஊதியம் ஒன்றே. அகவிலைப்படியும் நாடு முழுமைக்கும் ஒன்றே. வீட்டு வாடகைப்படியோ ஊரின் வகுப்பைப் பொறுத்தது. எட்டுப் பெருநகரங்கள் முதல் வகுப்பில் வைக்கப்பட்டன. தில்லி, சென்னை இரண்டும் அவற்றுள் அடக்கம். ஏழாவது ஊதியக் குழுவின்படி இவ்வகுப்புக்கு 2017 ஜூலையில் 24 விழுக்காடாக இருந்த வாடகைப்படி, 2021 ஜூலையில் 27 விழுக்காடாகவும் 2024 ஜனவரியில் 30 விழுக்காடாகவும் உயர்ந்தது. இரு நகரத்தார்க்கும் ஒரே நாளில் ஒரே அளவில் உயர்ந்தது. முன்னாளில் நகர ஈட்டுப்படி என்றொரு தனிப்படி இருந்தது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2008இல் அதுவும் போக்குவரத்துப்படியில் கரைந்துவிட்டது. ஆக, இரு நகரங்களுக்கும் இடையே சீட்டில் ஒரு காசும் வேறுபாடு இல்லை. வேறுபாடு இருக்குமானால் அது நம் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

“அகவிலைப்படியே விலைவாசியைப் பார்த்துத்தானே தருகிறார்கள்? அந்தக் குறியீட்டெண்ணைப் பார்த்தால் எந்த ஊர் விலை கூடியது என்று தெரியாதா?” என்று ஓர் அன்பர் எம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. தொழிலாளர் பணியகம் தொழிலாளர்க்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மாதந்தோறும் வெளியிடுகிறது. 2016ஆம் ஆண்டை 100 என்று கொண்டு, 88 மையங்களில் விலை திரட்டி, 2020ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் புதிய வரிசை நடப்புக்கு வந்தது. தில்லிக்கு ஓர் எண், சென்னைக்கு ஓர் எண் உண்டு. ஆனால் அன்பர்களே, தில்லியின் எண்ணையும் சென்னையின் எண்ணையும் அருகருகே வைத்து எந்த ஊர் விலை கூடியது என்று சொல்லுதல் தவறு. 2016இல் தில்லியும் 100, சென்னையும் 100. ஒவ்வோர் ஊரும் தன் பழைய நிலையிலிருந்து எவ்வளவு ஏறியது என்பதையே அவ்வெண் காட்டும். இரண்டு பிள்ளைகளின் உயரத்தை அளக்காமல், சென்ற ஆண்டைவிட எத்தனை விரற்கடை வளர்ந்தார்கள் என்று மட்டும் குறித்து வைப்பது போன்றது அது. வளர்ச்சியை வைத்து யார் நெட்டை என்று சொல்ல முடியுமா?

மற்றொன்று. குறியீட்டெண் என்பது ஒரு கூடையின் விலை. அக்கூடையில் உணவுக்கு முன்னாளில், அஃதாவது 2001 வரிசையில், 46.20 விழுக்காட்டு இடம் இருந்தது. 2016 வரிசையில் அது 39.17 ஆகக் குறைந்தது. வீட்டுக்கு 16.87. இது பொதுக் கூடை. நம் வீட்டுக் கூடை வேறு. ஊர் மாறும்போது எந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு விலை கேட்கிறோம் என்பதுதான் பொருள்.

இதைக் கற்றோர் நெடுநாளாக ஆராய்ந்துள்ளனர். ஜெர்மானியரான லாஸ்பியர் என்பார் 1871இல், பழைய கூடையை மாற்றாமல் புதிய விலையைப் பார்க்கும் முறையைக் கூறினார். பாஷே என்பார் 1874இல், புதிய கூடையை வைத்துப் பார்க்கும் முறையைக் கூறினார். முதல் முறை விலையேற்றத்தை மிகுத்துக் காட்டும். இரண்டாவது குறைத்துக் காட்டும் என்பது பொதுவாக அறிந்த செய்தி. அவர்கள் காலத்தை நினைத்துச் சொன்னதை நாம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். இலண்டனிலிருந்து வெளிவரும் எக்கானமிஸ்ட் ஏடு 1986 முதல் பர்கர் என்ற ஒரு தின்பண்டத்தின் விலையை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு வருகிறது. நாமும் அதுபோல இட்டிலியை வைத்துத் தில்லியை அளக்கலாம், தில்லி தோற்றுவிடும். பராட்டாவை வைத்துச் சென்னையை அளந்தால் சென்னை தோற்றுவிடும். தன் ஊர்ப் பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விலை கேட்பவனுக்கு அயலூர் எந்நாளும் விலை கூடியதே.

இனி எம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எம் அன்னையார் தனித்து வாழ்ந்து வந்தார்கள். 2018ஆம் ஆண்டு அவர்களுக்கு அறுவைச் சிகிச்சை வேண்டியிருந்தது. சென்னையில் மருத்துவம் பார்க்க முடிவாயிற்று. எமக்கோ நெடுநாள் விடுப்பு இல்லை. ஆதலின், 2018 ஜூன் முதல் 2019 ஜூன் முடியப் பதின்மூன்று திங்கள் எம் இல்லாளும் மக்கள் இருவரும் வில்லிவாக்கத்தில் வாடகை வீடெடுத்து அன்னையாரோடு இருந்தனர். நாம் தில்லியில் மயூர் விகார் மூன்றாம் பகுதி வீட்டிலேயே தங்கினோம். அங்கே இல்லாள் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதினார். இங்கே நாம் ஒன்று எழுதினோம். அவர் திரும்பியபின் இரண்டையும் தரையில் விரித்து, பத்தி பத்தியாக ஒப்பிட்டோம்.

முதலில் வாடகை. ஏறத்தாழ ஒத்த வீடுகளுக்கு ஏறத்தாழ ஒத்த வாடகைதான் இருந்தது. வேறுபாடு வாடகையில் இல்லை, வாசற்படியில் இருந்தது. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையெனில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கலாகாது என்று கூறுகிறது. நாங்கள் வீடெடுத்தது அதற்கு முன். தில்லியில் முன்பணம் ஒரு மாதம் அல்லது இரு மாதம். ஆனால் தரகருக்கு அரை மாதம் முதல் ஒரு மாத வாடகை தரவேண்டும், அது திரும்பி வாராது.

எடுத்துக்காட்டாக, வாடகை 12,000 ரூபாய் என்று கொள்வோம். சென்னையில் முடங்குவது 1,20,000. தில்லியில் இரு மாதத்துக்கு 24,000. மிகுதியாக முடங்கும் 96,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வட்டி என்றால் 5,760. மாதம் 480 ரூபாய். இது சென்னையின் கண்ணுக்குத் தெரியாத வாடகை. தில்லியில் ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்குத்தான். ஒவ்வொரு முறையும் வீடு மாறி, ஒரு மாத வாடகையைத் தரகாகக் கொடுத்தால் மாதம் 1,090 ரூபாய் கூடுகிறது. இது தில்லியின் கண்ணுக்குத் தெரியாத வாடகை. ஆக, கையில் ரொக்கம் இல்லாதவனுக்குச் சென்னை கடினம். ஓரிடத்தில் நிலைக்காதவனுக்குத் தில்லி கடினம்.

அடுத்தது தண்ணீர். தில்லியில் மானி பொருத்திய வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணமில்லை என்ற ஏற்பாடு 2015இல் வந்தது. சென்னையிலோ 2018இல் மழை பொய்த்தது; பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. இல்லாளின் நோட்டில் 2019 ஏப்ரல் முதல் லாரித் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் என்று ஒரு புதிய பத்தி தோன்றியது. மே மாதத்தில் அது காய்கறிப் பத்தியை எட்டிப் பிடித்தது. அவர்கள் தில்லி திரும்பிய மறு திங்களில், 2019 ஜூலை 12ஆம் நாள், ஜோலார்ப்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 இலட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிய இரயில் அதே வில்லிவாக்கம் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. இரயில்வே ஊழியர் என்ற முறையில் எமக்குப் பெருமை. அவ்வூரில் குடியிருந்தவர் என்ற முறையில் எம் இல்லாளுக்குக் கண்ணீர்.

மின்சாரத்தில் தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு 100 அலகு கட்டணமின்றித் தருவது 2016 மே மாதம் தொடங்கியது. தில்லியில் மாதம் 200 அலகுக்குள் செலவிடுவோர்க்குக் கட்டணமில்லை என்பது 2019 ஆகஸ்டில் வந்தது. ஆனால் தில்லிக்கு இரு முகம். மே, ஜூனில் குளிர்விக்கும் பெட்டி ஓடவேண்டும். டிசம்பர், ஜனவரியில் வெந்நீர்க் கருவி எரியவேண்டும். கம்பளி, ரஜாய், காலுறை என்று ஒரு முறை வாங்குவது ஒரு முறையோடு முடிவதில்லை. பிள்ளைகள் வளர்கிறார்கள், சட்டை வளர்வதில்லை. சென்னை நோட்டில் கம்பளிக்குப் பத்தியே இல்லை.

உணவில்தான் வேடிக்கை. எம் தில்லி நோட்டின் முதல் மூன்று திங்களில் பொன்னி அரிசி, தேங்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் ஆகியவையே நிறைந்திருந்தன. இவற்றுக்காக ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் கரோல் பாக்குக்கும் சென்றுவந்த செலவு வேறு. தனியாகச் சமைக்கத் தொடங்கிய நாம் நான்காம் திங்களில் சோர்ந்துபோய், பக்கத்து வண்டிக்காரரிடம் கிடைத்ததை வாங்கினோம். குளிர்காலத்தில் பட்டாணியும் காலிபிளவரும் முள்ளங்கியும் சிவப்புக் காரட்டும் வெந்தயக் கீரையும் மலிந்து கிடந்தன. ஒரு வேளை கோதுமை ரொட்டி என்றாயிற்று. ஊதியம் மாறவில்லை, விலையும் இறங்கவில்லை, ஆயினும் உணவுப் பத்தி இறங்கியது. கூடையை மாற்றினோம், ஊர் மலிந்தது. அங்கே, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த எம் மகளோ, வில்லிவாக்கத்தில் ராஜ்மாவும் பனீரும் கேட்டு, தாயின் நோட்டை வீங்கச் செய்தாள். அவளுக்குச் சென்னை விலை கூடிய ஊர்!

பயணத்தைப் பற்றி ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ஜி.டி. எக்ஸ்பிரஸும், 1976இல் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் நம்மில் எத்தனை பேரைச் சுமந்தன! இரயில்வே ஊழியராதலின் எமக்குப் பாஸ் உண்டு; ஆகவே எம் கணக்கில் பயணச்சீட்டுக்குப் பத்தி இல்லை. உங்களுக்கு உண்டு. ஒருவர் கணக்கு மற்றொருவர்க்குப் பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, இரு நகரங்களுக்கும் இடையே நாங்கள் அஞ்சியவாறு பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றில் ஏறியது மற்றொன்றில் இறங்கியது. ஆனால் அப்பதின்மூன்று திங்களில்தான் எங்கள் சேமிப்பு முழுவதும் கரைந்து, கூட்டுறவுச் சங்கத்தில் கடனும் ஏறியது. ஏன்? சென்னையாலும் அன்று, தில்லியாலும் அன்று. இரண்டு அடுப்பு எரிந்தது. இரண்டு வாடகை, இரண்டு பால் கணக்கு, இரண்டு மின்கட்டணம், வாடகைப்படியோ ஒன்றே. இந்தியாவில் விலை கூடிய ஊர் எது என்று எம்மைக் கேட்டால், பிரிந்து வாழும் குடும்பமே என்று சொல்வோம்.

எனவே ஒரே ஊரில் இருப்பது என்று முடிவு செய்தோம். எந்த ஊர்? இங்கேதான் கணக்கு கடினமாயிற்று. நிருவாகத்தின் தேவைக்காக மாற்றினால் அடிப்படை ஊதியத்தில் 80 விழுக்காடு இடமாற்ற மானியம் உண்டு. நாமே விரும்பிக் கேட்டு வேறு இரயில்வேக்குப் போனால் மானியம் இல்லை; புதிய இடத்தில் முதுநிலை வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். நமக்குப் பின் சேர்ந்த பிள்ளைகள் நமக்கு முன் பதவி உயர்வு பெறுவர். கடைநிலை ஊழியராய்ச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதிக் குமாஸ்தாவானவர்க்கு அந்த வரிசை எண் எளிதில் வந்ததன்று. விண்ணப்பத்தை எழுதினோம், பெட்டியில் நான்கு திங்கள் வைத்திருந்தோம், கொடுக்கவில்லை. மாறாக அன்னையாரைத் தில்லிக்கு அழைத்து வந்தோம். எம் வரிசை எண்ணைக் காக்க அவர்கள் தம் வீட்டையும் ஊரையும் விட்டார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வந்த முதல் வாரம் அன்னையார் வண்டிக்காரரிடம் காய் வாங்கினார்கள். அவர் கொத்துமல்லியும் பச்சை மிளகாயும் கொசுறாகப் போட்டார். அன்னையார் கறிவேப்பிலை கேட்டார்கள். அவர் ஒரு சிறு கட்டைக் காட்டி விலை சொன்னார். வீட்டுக்கு வந்து எம்மிடம், “ஏம்ப்பா, இந்த ஊரில் கறிவேப்பிலைக்கும் காசா?” என்றார்கள். நாம் சிரித்தோம். அவர்கள் சிரிக்கவில்லை. அன்றிரவு எம் நோட்டுப் புத்தகங்களில் என்ன விடுபட்டது என்று விளங்கியது.

ஊரில் கொல்லை முருங்கைக்கு விலை இல்லை. பக்கத்து வீட்டார் தரும் மோருக்கு விலை இல்லை. மாலையில் திண்ணையில் வந்து அமர்ந்து பேசுவோர்க்குக் கட்டணம் இல்லை. விலையின்றிக் கிடைத்தவை எந்தக் குறியீட்டெண்ணிலும் ஏறுவதில்லை. எந்த நோட்டிலும் பத்தி பெறுவதில்லை. இடம் பெயரும்போது நாம் இழப்பவை பெரும்பாலும் அவையே. புதிய ஊரில் அவற்றையெல்லாம் காசு கொடுத்து வாங்க முயல்கின்றோம். அல்லது அவை இல்லாமல் வாழ்கின்றோம். “தில்லியில் எல்லாம் விலை அதிகம்” என்று நாம் பெருமூச்சு விடுவது பெரும்பாலும் பருப்பு விலையைக் குறித்தன்று, அன்பர்களே. கொசுறு போனதைக் குறித்தே.

ஆனால் புதிய ஊரிலும் கொசுறு உண்டு, கொத்துமல்லியாய் வரும். 2005 டிசம்பரில் நாம் ஒரு பருத்திப் போர்வையோடு இந்நகரில் வந்திறங்கினோம். தங்கிய அறைக்குப் பக்கத்திலிருந்த மூத்த தமிழர் ஒருவர் முதல் இரவே ஒரு ரஜாயைக் கொண்டுவந்து போட்டார். ஊதியம் வாங்கியதும் விலை கொடுக்கப் போனபோது, “எனக்கு வேண்டாம், அடுத்து வருகிறவனுக்குக் கொடு” என்றார். அந்த ரஜாய்க்கு எம் நோட்டில் பத்தி இல்லை. அது இல்லாதிருந்தால் தில்லி எமக்கு எவ்வளவு விலை கூடிய ஊராயிருக்கும் என்பதை மட்டும் அறிவோம். சென்ற குளிர்காலத்தில் அது மதுரையிலிருந்து வந்த ஓர் இளைஞரிடம் போய்ச் சேர்ந்தது. பஞ்சு மட்டும் புதிதாக அடித்தோம்.

ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகத்தை அலுவலகத்தில் வையுங்கள். எந்தப் பகுதியில் வாடகை என்ன, தரகின்றி வீடு தருவோர் யார், எந்த வாரச் சந்தை எந்நாள், எந்தக் குளிர்காலக் காயை எப்படிச் சமைப்பது என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதுவோம். புதிதாய் வருபவர் அதைப் படித்துத் தம் கூடையைத் தாமே நிரப்பிக் கணக்கிடட்டும். அவ்வலுவலகத்திலேயே ஓர் அலமாரியில் நான்கு ரஜாய்களும் இருக்கட்டும்.

எம் அன்னையார் இன்று இவ்வவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். வண்டிக்காரரிடம் இப்போது நான்கு இந்திச் சொற்களில் பேரம் பேசுகிறார்கள். எங்கள் மாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து குச்சியாய் நிற்கும், பங்குனியில் துளிர்க்கும். துளிர்த்தவுடன் மாடிக்கு மாடி கொடுத்தனுப்புகிறார்கள். அதற்கு விலை கேட்டால் அடிப்பார்கள்.